டார்கெட் முடிக்காதவருக்கும் சம்பளம் உண்டு

காலை எட்டரைக்கு அந்த போன் வரும். மடுகரை போகிற சாலையோரம் வண்டியை நிறுத்தி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என் அக்கா மகன் நிற்பான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பேசலாம். மறுமுனையில் வருகிற பேச்சு அம்மா காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் வெளியே வந்து நிற்பது. பதினெட்டுப் பேர் சேர்ந்த வீடியோ கால். ஏரியா மேனேஜர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, நேற்று எத்தனை பில் என்று கேட்பார். எண் சொன்னவர் உட்காரலாம். 'ஜீரோ சார்' என்றவர் கால் முடிகிறவரை எழுந்தே நிற்க வேண்டும். கேமராவை அணைக்கக் கூடாது. "சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிற" என்பதோடு நின்றால் அது நல்ல நாள். பெற்றவளை இழுத்துத் திட்டுகிற நாள்களே அதிகம்.

ஏழு மாதம் பொறுத்தான். எட்டாவது மாதம் ஒருநாள் ராத்திரி வந்து, "மாமா, சர்டிபிகேட்ட மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க, சம்பளம் போனாப் போகுது" என்றான். அப்போது அவன் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. வேலையில் சேர்த்ததற்கு உத்தரவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. திட்டியதும் மிரட்டியதும் வாய்ப்பேச்சு. கம்பெனியிடமோ அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி ஒரிஜினல் மூன்றும் இருந்தன. அவன் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாமல் கொடுத்த காசோலை ஒன்றும் இருந்தது. அவர்கள் பக்கம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது, நம் பிள்ளைகள் பக்கம் எல்லாம் காற்றில் போகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம், ஏம்பலம், பாகூர் பக்கத்தில் படித்து முடித்த பிள்ளைகள் பலருக்கு முதலில் அகப்படுகிற வேலை விற்பனைதான். தவணைக்கு வீட்டுச் சாமான், வாட்டர் பில்டர், இன்சூரன்ஸ், மகளிர் குழுக் கடன், டூவீலர் லோன். என் அக்கா மகன் சேர்ந்த இடத்தில் முதல் வாரப் பயிற்சியிலேயே வெள்ளைத் தாள் கொடுத்து, தெரிந்தவர்கள் ஐம்பது பேர் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். கிராமத்துப் பிள்ளை யார் பெயரை எழுதும்? சித்தி, பெரியப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியார், திருவிழாவை எடுத்து நடத்துகிற மாமா. முதல் இரண்டு மாத விற்பனை அந்தத் தாளிலிருந்தே வந்துவிட்டது. பிள்ளைக்காகச் சித்தி வேண்டாத மிக்சியை வாங்கினாள். அந்த இரண்டு மாத எண்ணிக்கையை வைத்து மூன்றாவது மாத டார்கெட்டைப் போட்டார்கள். தாளில் பெயர் தீர்ந்துவிட்டது, டார்கெட் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சித்தி தவணை கட்டத் தவறினால் வசூலுக்குப் போக வேண்டியவனும் அவனே; வசூலாகாவிட்டால் கைக்காசைப் போட வேண்டியவனும் அவனே. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். சித்தி வீட்டு வாசல் மூடிக்கொண்டால் அது திறக்க ஒரு கல்யாணமோ சாவோ வர வேண்டும்.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து ஒரு வீடியோ வந்தது. கழுத்தில் பட்டையைக் கட்டி, ஓர் இளைஞரை நாய்போலத் தரையில் தவழ வைத்து இழுத்துப் போகிற காட்சி. வீடு வீடாகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் அதில் அடிபட்டது. டார்கெட் முடிக்காதவர்களுக்குத் தண்டனை என்று செய்தி பரவியது. கேரளத் தொழிலாளர் அமைச்சர் வி. சிவன்குட்டி விசாரணைக்கு உத்தரவிட்டார்; மாநில மனித உரிமை ஆணையமும் வழக்கு எடுத்துக்கொண்டது. பிறகு தொழிலாளர் துறையின் முதற்கட்ட விசாரணையில், காட்சியில் இருந்தவரே இது வேலையிடத் துன்புறுத்தல் இல்லை என்று சொன்னார். முன்பிருந்த மேலாளர் ஒருவர் எடுத்த படம் என்றார்கள். அங்கே நடந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. என் மனதில் தைத்தது வேறு. நாடு முழுக்கப் பார்த்த ஒரு காட்சியில்கூட, சம்பந்தப்பட்டவர் வாய் திறந்து புகார் சொல்லாவிட்டால் அதிகாரிகளால் அதிக தூரம் போக முடிவதில்லை. அப்படியிருக்க, சாலையோரத்தில் இயர்போனுக்குள் நடப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

இனி சட்டத்துக்கு வருவோம். முதலில் சம்பளம்.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்பிருந்த ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அந்த வரம்பு இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்குப் பிடித்தம் செய்யலாம் என்று 18ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: வேலைக்கு வராத நாள், வாங்கிய முன்பணம், பி.எப்., வரி, இப்படிப் போகும். டார்கெட் முடிக்காதது அந்தப் பட்டியலில் இல்லை. இன்சென்டிவ் வேறு, அது நிபந்தனையோடு வருவது, நிபந்தனை நிறைவேறாவிட்டால் வராமல் போகலாம். அடிப்படைச் சம்பளம் உழைத்த நாளுக்கு உரியது. அதில் கை வைக்க டார்கெட் ஒரு காரணமாகாது.

வாடிக்கையாளர் கட்டாத தவணையை ஊழியர் தலையில் கட்டுவதும் அப்படித்தான். நம்பி ஒப்படைத்த பொருளோ பணமோ ஊழியரின் கவனக்குறைவால் தொலைந்தது என்றால் மட்டுமே பிடிக்கலாம். அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகு. சித்தி கட்டாத தவணை அவன் தொலைத்த பணம் ஆகாது. அபராதம் போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு: எந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், மொத்தத்தில் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலையில் ஐந்து நிமிடம் தாமதமாக காலில் சேர்ந்ததற்கு ஐந்நூறு ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வேலையை விட்ட பிறகு கணக்கு முடிக்க 45 நாள், 60 நாள் ஆகும் என்று ஹெச்.ஆர். சொல்வது வழக்கம். விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கம்பெனி கேட்கும்.

வெற்றுக் காசோலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தது செல்லாது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நேர் எதிரானது: தாமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்றவர் தொகையை எழுதிக்கொண்டாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். கடன் இல்லை என்று காட்ட வேண்டிய சுமை கையெழுத்துப் போட்டவர் மேல் விழும். ஆகவே கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், 'இன்ன எண் காசோலையை வேலைக்குப் பிணையாக வாங்கினீர்கள், எனக்குக் கடன் ஏதும் இல்லை, திருப்பித் தாருங்கள்' என்று வேலையில் இருக்கும்போதே மெயிலில் எழுதி வையுங்கள். காசோலை திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான் கெடு. அதற்குள் வக்கீலைப் பார்த்துப் பதில் அனுப்பிவிட வேண்டும். பயந்து நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம்மை நாமே கட்டிப் போட்டுக்கொள்வது.

ஒரிஜினல் சான்றிதழை அடகுபோல வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை தரவில்லை. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதி வாங்குகிற பாண்டு விஷயம் அவ்வளவு எளிதில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஓர் அரசு வங்கி. விலகியவர் இடத்தில் இன்னொருவரை எடுக்கப் பகிரங்கத் தேர்வு நடத்த வேண்டும், அதற்கான செலவு பெரிது. மூன்று நாள் பயிற்சியும் ஒரு டி-ஷர்ட்டும் கொடுத்துவிட்டு ஒரு லட்சம் கேட்கிற பாண்டை அதோடு சேர்த்துப் பார்க்க முடியாது. கம்பெனிக்கு ஏற்பட்ட இழப்புக்கு நியாயமான தொகைதான் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு.

இன்னொரு வகைக் கம்பெனி இருக்கிறது. "நீ எம்ப்ளாயி கிடையாது தம்பி, எங்க பார்ட்னர்" என்று சொல்லி, சேர்வதற்கே பணம் வாங்கிக்கொண்டு, ஆளைச் சேர்த்தால் காசு என்பார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் பிரமிடு திட்டம் நடத்தக் கூடாது என்கின்றன. பணம் கேட்டாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பதவிப் பெயரைக் கண்டும் மயங்கக் கூடாது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டு, தகராறு வரும்போது "நீ மேனேஜர், தொழிலாளர் சட்டம் உனக்குப் பொருந்தாது" என்பார்கள். 1994இல் சாண்டோஸ் வழக்கில், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் விற்பனைக்காரர்கள் நெடுநாள் வெளியே நின்றார்கள். இப்போது நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, விற்பனை ஊக்குவிப்பு ஊழியர்களைத் தொழிலாளர் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் விலக்கு. பார்க்கிற வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள், கார்டில் அடித்திருப்பதை இல்லை. அதனால்தான் மிரட்டி ராஜினாமா எழுதச் சொன்னால் எழுதிவிடாதீர்கள் என்கிறேன். அவர்களாக விலக்கினால் சமரச அதிகாரியிடம் போகலாம், 45 நாளில் முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமா அந்தக் கதவை ஏறக்குறைய அடைத்துவிடும்.

திட்டுவதற்கு வருகிறேன். மனம் நோக நடத்துவதைத் தனிக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருப்பதைக் கொண்டுதான் போராட வேண்டும். அடித்தால், அறையில் பூட்டி வைத்தால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். வெறும் வசவும் வாய் மிரட்டலும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசாரால் புலனாய்வு செய்ய முடியாது. இது தெரியாமல் நம் பிள்ளைகள் நிலையத்துக்குப் போய், "போலீஸ் கண்டுக்கல" என்று மனம் உடைந்து திரும்பி வருகிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைப் பிறர் முன்னால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் கதை வேறு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். முதலில் விசாரித்துப் பார்க்கிறோம் என்று வழக்குப் பதிவைத் தள்ளிப்போட முடியாது. பெண்களிடம் பாலியல் நோக்கில் பேசினாலோ நடந்தாலோ உள் புகார்க் குழுவிடம் போகலாம்; பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும். இல்லாத சின்னக் கிளை என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

உயிர் போன பிறகு சட்டம் எவ்வளவு தூரம் வரும்? 2006 நவம்பரில் லக்னோவில் ஒரு பெரிய நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு ஊழியர் இறந்தார். 23 ஆண்டு வேலை செய்தவர். விருப்ப ஓய்வில் போகச் சொல்லிக் கூட்டத்தில் அவமானப்படுத்தினார்கள் என்பது குடும்பத்தின் புகார். 18 ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 3ஆம் தேதி, நிபுண் அனேஜா வழக்கு என்று அறியப்படுகிற தீர்ப்பில், அதிகாரிகள் மேலிருந்த தற்கொலைத் தூண்டுதல் வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாகத் தூண்டும் நோக்கம் இருந்ததற்கு அடிப்படை இல்லை என்பது காரணம்.

நம் புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்சில் இதே மாதிரி வழக்கு வேறு விதமாக முடிந்தது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 22,000 பேரை வெளியே அனுப்பத் திட்டம் போட்டு, தாங்களாகப் போகிற அளவுக்கு ஊழியர்களை நெருக்கியது. 39 பேர் பாதிக்கப்பட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவர்களில் 19 பேர் உயிரை விட்டவர்கள். 2019 டிசம்பரில் முன்னாள் தலைவர் திதியே லொம்பாருக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் குறைந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தல் குற்றமாகலாம் என்பதை 2025 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனத் துன்புறுத்தலைக் குற்றமாக்கும் சட்டத்தை 2002இலேயே இயற்றி வைத்திருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே உயிரோடும் வேலையோடும் இருக்கும்போது எழுதி வைப்பதுதான் கையில் உள்ள ஆயுதம்.

எழுதுவது என்றால் பெரிய மனு வேண்டியதில்லை. போனில் சொன்னதை அன்றைக்கே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ திருப்பி அனுப்புங்கள். என் அக்கா மகனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: 'சார், இன்று காலை 8.40க்கு நடந்த காலில், வசூலாகாத தவணை 1,850 ரூபாயை என் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னீர்கள். அந்தத் தொகை என்னிடம் வரவில்லை. பிடித்தத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை.' மூன்று வரி. மரியாதை குறையவில்லை, கோபம் இல்லை, தேதியும் நேரமும் தொகையும் இருக்கின்றன. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கம்பெனி மெயிலை மட்டும் நம்பாதீர்கள். விலகிய அன்றே அதை மூடிவிடுவார்கள். நகலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் விற்காதீர்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சான்று கொடுக்க வேண்டியிருக்கும். பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய வரி, பி.எப். கணக்கு, இ.எஸ்.ஐ. எண், லைவ் லொகேஷன் கேட்ட மெசேஜ், கம்பெனி சட்டையோடு எடுத்த போட்டோ, எல்லாமே நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி.

குழுக் கடன் வசூலுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ரிசர்வ் வங்கி உத்தரவு சொல்கிறது. ராத்திரி எட்டு மணி வரை ஒரு பெண்ணின் வாசலில் உட்காரச் சொல்கிற மேலாளரிடம் அந்த உத்தரவைக் காட்டி மறுக்கலாம். அது உங்களையும் காக்கும், வாசலில் அழுதுகொண்டு நிற்கிற அந்தப் பெண்ணையும் காக்கும்.

எங்கே போவது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். நெட்டப்பாக்கத்தைச் சுற்றிலும் தமிழ்நாடு. மடுகரையைத் தாண்டினால் சிறுவந்தாடு விழுப்புரம் மாவட்டம். அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பெட்ரோலை இங்கே போட்டுக்கொண்டு ஒரே நாளில் நாலு முறை எல்லை தாண்டுகிறவனுக்கு எந்த மாநில அலுவலகம்? நீங்கள் கணக்கு ஒப்படைக்கிற கிளை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கிளை புதுச்சேரியில் என்றால் வழுதாவூர் சாலை காந்தி நகரில் உள்ள தொழிலாளர் துறை. வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் மத்திய தொழிலாளர் அதிகாரிகள். குற்றப் புகாருக்கு அந்தக் குழப்பமே வேண்டாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நின்றுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு நேரிலும் போகலாம்.

பிள்ளை சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறான், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறான், காலை எட்டு ஆனால் வயிறு கலக்குகிறது என்றால் அது சோம்பேறித்தனம் ஆகாது. "எல்லா வேலையிலயும் கஷ்டம்தான், பொறுத்துக்கோ" என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், டார்கெட், இ.எம்.ஐ. எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா மகன் விஷயம் இன்னும் முடியவில்லை. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம், ஒப்புகை அட்டை வந்தது. தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தோம். முதல் வாய்தாவுக்குக் கம்பெனி வரவில்லை. இரண்டாவது வாய்தாவுக்கு ஒருவர் வந்தார்; பழுப்பு உறையில் மூன்று சான்றிதழும் இருந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பத்தாவது மார்க் ஷீட்டின் ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவி விட்டான். காசோலையைத் தலைமை அலுவலகத்தில் தேடுகிறார்கள் என்றார் வந்தவர். அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அவன் கேட்டான். எழுதிக் கொடுத்தார். சம்பளப் பாக்கிக்கு அடுத்த மாதம் வாய்தா.